நெற்றிப்பொட்டுக்குள் ஓடும் குட்டித் தமனி: மூளை கேத் லேப்புக்குள் ஒரு ரவுண்டு!

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. உள்ளே எக்ஸ்ரே ஓடுகிறது, வெளியாட்கள் வரக் கூடாது என்று அர்த்தம். ஆனால், இன்று நமக்கு அனுமதி உண்டு. வாருங்கள், சீக்கிரம்!

முதலில் லெட் ஏப்ரன், அதாவது ஈயக் கவசம். தோளில் போட்டதுமே ‘அம்மாடி!’ என்று இருக்கும். சற்று நேரத்தில் பழகிவிடும். கழுத்துக்குத் தைராய்டு காலர், தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். அவ்வளவுதான். ஏசி குளிர் எலும்பு வரை இறங்கும். இந்த இயந்திரங்கள் சூடாகாமல் இருக்க அந்தக் குளிர் வேண்டும்.

இப்போது நிமிர்ந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு கை, கூரையிலிருந்து ஒரு கை. இரண்டும் வளைந்து வந்து நடுவிலிருக்கும் மேசையைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒன்று தலையை முன்னாலிருந்து படம் பிடிக்கும். இன்னொன்று அதே ஓட்டத்தில் பக்கவாட்டிலிருந்து பிடிக்கும். இதற்குப் பெயர் பைப்ளேன். மூளையின் ரத்தக்குழாய்களுக்குள் நுழைந்து வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் கண். ‘கேத் லேப்’ எனப்படும் இந்த அறைக்குள் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதிலும் இன்று நடக்கப்போவது, இந்த நோயில் மருத்துவ உலகம் நீண்ட காலம் கணக்கில் எடுக்காத ஒரு குட்டித் தமனியைத் தேடிப் பிடிக்கும் வேலை!

நிலையில் இடித்த தலை

மேசையில் படுத்திருப்பவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். அவரும் குடும்பமும் சம்மதித்ததால்தான் நாம் இங்கே நிற்கிறோம். பெயர் வேண்டாம், ‘ஐயா’ என்றே சொல்வோம். சில வாரங்களுக்கு முன்பு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். வீக்கம்கூட இல்லை. “ஒண்ணும் ஆகல” என்று துடைத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் மெதுவாகத் தலைவலி. நடையில் தள்ளாட்டம். வலது கையால் வேட்டியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் குழம்பின. வயதாகிவிட்டது, மறதி நோய் தொடங்கிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

சிடி ஸ்கேன் வேறு கதை சொன்னது. மூளையின் இடது பக்கம், மண்டையோட்டை ஒட்டி, பிறை வடிவில் ஒரு கருஞ்சாம்பல் பட்டை. புதிய ரத்தம் சிடியில் வெள்ளையாகத் தெரியும். வாரங்கள் போகப் போக அது மூளையின் நிறத்துக்கு இறங்கி, பிறகு அதைவிடக் கறுக்கும். ஆக, இது பழைய ரத்தம். டாக்டர்கள் மொழியில் ‘க்ரானிக் சப்டியூரல் ஹெமட்டோமா’. மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையான டியூராவுக்கும், அதற்கு அடியிலிருக்கும் மெல்லிய உறைக்கும் நடுவில் வாரக்கணக்கில் தேங்கும் ரத்தம்.

மண்டையில் சிறு துளை போட்டு அதை வெளியேற்றினார்கள். இன்ஜின் ஆயில் போலக் கரும்பழுப்பாக வழிந்தது. ஐயா இரண்டே நாளில் எழுந்து நடந்தார். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால், அடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் அதே பிறை! எடுத்த ரத்தம் திரும்ப எங்கிருந்து வந்தது?

“ஐயா, குளுருதா? இன்னொரு போர்வை போடட்டுமா?” சிஸ்டர் குனிந்து கேட்கிறார்.

“வேணாம்மா. சீக்கிரம் முடிஞ்சிருமா?”

“நீங்க தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

மயக்க மருந்து டாக்டர் புன்னகையோடு ஊசியை ஏற்றுகிறார். தலை துளி அசைந்தாலும் படம் கெட்டுவிடும் என்பதால் முழு மயக்கம்.

சிரைமேல் விழுந்த பழி

அவர் தூங்குவதற்குள் ஒரு குட்டி வரலாறு. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர் 1657லேயே இப்படித் தேங்கிய ரத்தத்தைப் பற்றி எழுதிவிட்டார். சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1857இல், ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ இது மூளை உறையின் அழற்சி என்றார். 1914இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்ஃப்ரெட் டிராட்டர் அதை மறுத்து, அடிபட்டதால் சிரைகள் கிழிந்து கசிவதே காரணம் என்றார். அதுவே பாடப்புத்தகங்களில் நிலைத்தது.

அதில் நியாயமும் இருக்கிறது. வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குகிறது. மூளையிலிருந்து டியூராவுக்குப் பாலமாகப் போகும் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசான இடி போதும், ஒன்று கிழிந்துவிடும். ஆனால், சிரைக்குள் அழுத்தம் குறைவு. அந்தக் கசிவு விரைவில் நின்றுவிட வேண்டும். பிறகு ஏன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தேக்கம் வளர்கிறது?

விடை இங்கே இருக்கிறது, கேளுங்கள்! கசிந்த ரத்தத்தைச் சுற்றி உடல் ஒரு சவ்வைக் கட்டுகிறது. காயத்தை ஆற்றும் முயற்சி அது. அந்தச் சவ்வுக்குள் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. அவசரத்தில் முளைத்த பலவீனமான குழாய்கள், ஓயாமல் கசிகின்றன. அங்கே ரத்தத்தை உறையவிடாத ரசாயனங்களும் சேர்ந்துகொள்கின்றன. கசிவு, சவ்வு, புதுக் குழாய், மறுபடி கசிவு. இப்படி ஆற்ற வந்த ஏற்பாடே ரத்தப்போக்கைத் தொடரவைக்கிறது. சரி, அந்தப் புதுக் குழாய்களுக்கு ரத்தம் கொடுப்பது யார்? ஒரு தமனி! டியூராவுக்குள்ளேயே ஓடும் நடு மூளையுறைத் தமனி. கேத் லேப்பில் எல்லோரும் அதை ‘எம்எம்ஏ’ என்றே சொல்கிறார்கள்.

உங்கள் நெற்றிப்பொட்டில் விரலை வையுங்கள். எலும்புக்கு உட்புறம், அதே இடத்தில்தான் அது ஓடுகிறது. மண்டையோட்டின் உள்பக்கத்தில் கிளை பிரிந்த வரிப்பள்ளங்களை அது பதித்து வைத்திருக்கிறது. ஆதிமனிதர்களின் மண்டையோட்டுப் புதைபடிவங்களில்கூட அந்தத் தடங்கள் இருக்கின்றன. மானுடவியலாளர்கள் அவற்றை வைத்து ஆய்வே செய்கிறார்கள். அடேயப்பா!

2000ஆம் ஆண்டு ஜப்பானில் மண்டாய் என்ற மருத்துவரும் சகாக்களும், கல்லீரல் சிதைவால் ரத்தம் உறையாத ஒருவருக்கு, திரும்பத் திரும்ப வந்த தேக்கத்தை நிறுத்த இந்தத் தமனியையே அடைத்துப் பார்த்தார்கள். வெற்றி! இந்த அறையில் இன்று நடப்பது அந்த யோசனையின் தொடர்ச்சி.

முகத்துக்குப் போகும் வழியில் ஒரு திருப்பம்

ஐயா தூங்கிவிட்டார். ஸ்க்ரப் சிஸ்டரின் மேசையைப் பாருங்கள். கிண்ணங்களில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைன். அதில் ஊறும் சுருள் கம்பிகள், குழாய்கள். அவர் ஒரு டியூபை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்க்கிறார். காற்றுக் குமிழியைத் தேடுகிறார்! ஒரு குமிழி ரத்தத்தில் போய் மூளையை எட்டினாலும் ஆபத்து. அதனால் ஒவ்வொரு இணைப்பும் பார்க்கப்படுகிறது. பிறகு மறுபடியும் பார்க்கப்படுகிறது.

தொடை மடிப்பில் சின்ன ஊசிக் குத்து. சிலருக்கு மணிக்கட்டு வழியாகவும் போவார்கள். ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின் மேல் குழாய் என்று நுழையும் இந்த உத்தி ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இல் தந்தது. உயிரோடிருப்பவரின் மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் முதலில் காட்டியவர், லிஸ்பனில் 1927இல், எகாஸ் மோனிஸ். இந்த அறையே அவர்கள் இருவருக்கும் கடன்பட்டிருக்கிறது.

கதீட்டர் என்ற அந்தக் குழாய் மேலே ஏறுகிறது: வயிற்றின் பெருந்தமனி, நெஞ்சில் அதன் வளைவு, அங்கிருந்து கழுத்து. கழுத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. உள்ளே போவது மூளைக்கு. வெளியே போவது முகத்துக்கும் தலைத்தோலுக்கும். மூளைப் பக்க நோய்தானே, உள்ளே போவார்கள் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் எதிர்பார்த்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி சட்டென்று முகத்தின் பக்கம் திரும்பியது!

இப்போது பெரிய குழாய்க்குள்ளிருந்து மைக்ரோ கதீட்டர் புறப்படுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமன். தாடை மூட்டுக்குப் பின்னால் ஓடும் தமனிக்குள் புகுந்து, அங்கிருந்து செங்குத்தாக மேலே எழும் ஒரு கிளையைப் பிடிக்கிறது. மண்டையோட்டின் அடித்தளத்தில் அந்தக் கிளைக்கென்றே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதன் வழியே நுழைந்தால் நேரே டியூரா.

“மேடம், வென்டிலேட்டரை நிறுத்துங்க.”

“நிறுத்தியாச்சு சார்.”

“தம்பி, ரன்.”

மூச்சசைவும் படத்தைக் கெடுக்காத அந்த நொடிகளில் எடுக்கும் படவரிசைதான் ‘ரன்’. எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் பாய்கிறது. திரையில் முதலில் வெறுமை. சாயம் போகுமுன் எடுத்த படத்தைச் சாயம் போன படத்திலிருந்து கம்ப்யூட்டர் கழித்துவிடுவதால் எலும்பே தெரியாது. அந்த வெறுமையில் ஒரு கறுப்புக் கோடு நெளிந்து ஏறி, இரண்டாகப் பிரிந்து, மீண்டும் பிரிகிறது. கிளைகளின் நுனியில், சாயம் வடிந்திருக்க வேண்டிய நேரத்தில், ஒரு மங்கலான சாம்பல் கறை மெல்லப் பரவி அப்படியே நிற்கிறது.

“அதோ, சவ்வு குடிக்குது பாருங்க!” என்கிறார் டாக்டர்.

பார்த்தேன்! சிடியில் பிறை இருந்த அதே இடம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் தேடிய ஊற்று என் கண்ணெதிரே கசிகிறது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் துள்ளாத குறை.

அடைப்பதற்கு முன் ஒரு நிதானம்

உடனே அடைக்க மாட்டார்கள். அதுதான் இந்த வேலையின் அழகு. டாக்டர் அதே படத்தை முன்னும் பின்னுமாக ஓட்டி, கண் இருக்கும் இடத்தையே உற்றுப் பார்க்கிறார். சிலருக்கு இந்தத் தமனியிலிருந்து கண்ணுக்கு ஒரு ரகசியக் கிளை போகும். விழியின் பின்புறம் லேசான கறை தெரிந்தால் அந்தக் கிளை இருக்கிறது என்று பொருள். அப்போதும் அடைக்கும் திரவத்தைச் செலுத்தினால் பார்வை போய்விடலாம். இன்னொரு சிறு கிளை முகத்தை அசைக்கும் நரம்புக்கு ரத்தம் தருகிறது. அது அடைபட்டால் முகவாதம். ஐயாவுக்கு விழியில் கறை இல்லை. மைக்ரோ கதீட்டரை அந்த முக நரம்புக் கிளையைத் தாண்டி முன்னே நகர்த்துகிறார். இப்போது பாதுகாப்பு.

மூலையில் ஒரு குலுக்கும் இயந்திரம் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறதே, கவனித்தீர்களா? அதில் இருப்பது ஆனிக்ஸ். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைந்த ஒரு பாலிமர். கூடவே எக்ஸ்ரேயில் தெரிவதற்காக டாண்டலம் என்ற உலோகத்தின் தூள். இருபது நிமிடமாவது குலுக்கினால்தான் தூள் அடியில் தங்காது. கறுகறுவென்ற அந்தத் திரவம் ரத்தத்தைத் தொட்டதும் கரைப்பான் விலக, பாலிமர் கெட்டியாகிறது. தமனி உள்ளிருந்தே மூடிக்கொள்கிறது.

வேகம் கூடவே கூடாது. நிமிடத்துக்கு 0.3 மில்லி, அதுதான் உச்ச வரம்பு. டாக்டரின் கட்டைவிரல் அசைவதே தெரியவில்லை. திரையில் மட்டும் கறுப்பு முன்னேறுகிறது, நிற்கிறது, இன்னொரு கிளைக்குள் புகுகிறது.

திடீரென்று மானிட்டரின் ‘பீப்’களுக்கு நடுவே இடைவெளி நீள்கிறது. நான் பதறிப்போகிறேன். மயக்க மருந்து டாக்டரோ கையிலிருக்கும் ஊசியை நிதானமாக உயர்த்திக் காட்டுகிறார்: துடிப்பைக் கூட்டும் அட்ரோபின், தயாராக. டியூராவுக்கு உணர்ச்சி தருவது முகத்தின் முக்கிளை நரம்பு. அது சீண்டப்பட்டால் இதயத் துடிப்பு குறையலாம். டாக்டர் விரலை எடுக்கிறார். துடிப்பு தானாகவே பழைய வேகத்துக்கு வருகிறது. மறுபடி தொடங்குகிறார். என்ன ஒரு கூட்டு வாசிப்பு!

கடைசி ரன். சாயம் வருகிறது, ஓட்டைவரை வந்து நிற்கிறது. கிளைகள் இல்லை. கறை இல்லை. ஐயா விழிக்கும்போது அறையில் லேசாகப் பூண்டு வாசனை. “யாராவது ரசம் வெச்சீங்களா?” என்று கேட்கத் தோன்றும்! கரைப்பான் உடலிலிருந்து மூச்சு வழியாக வெளியேறுவதால் வரும் வாசனை அது. ஓரிரு நாளில் போய்விடும்.

இன்னும் சில தமனிகள்

கன்சோல் அறையில், டாக்டர் பழைய படங்களைத் திறந்து காட்டுகிறார். எல்லாம் ‘சாதாரணத் தேக்கம்’ என்று வந்தவை. உள்ளே பார்த்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு தமனிக் கோளாறு.

ஒன்று, டியூராவின் தமனி நுண்குழாய்களைத் தாண்டி நேராகச் சிரையோடு இணைந்துவிடும் கோளாறு. அதிக அழுத்தமுள்ள ரத்தம் மெல்லிய சிரைக்குள் பாய்கிறது. சிலருக்கு இதயத் துடிப்போடு சேர்ந்து காதுக்குள் ‘உஸ், உஸ்’ என்று ஓசை கேட்கும். காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்தால் டாக்டருக்கும் அந்த ஓசை கேட்கலாம்! இதைக் கண்டுபிடிக்காமல் துளை மட்டும் போட்டால் ரத்தம் மறுபடி சேரும்.

இரண்டாவது, அடிபட்டதில் எம்எம்ஏவின் சுவரே கிழிந்து, அங்கே ஒரு பொய்ப்பை உருவாவது. நாட்கள் கழித்துக்கூட அது வெடிக்கலாம். மூன்றாவது, மூளையின் மேற்பரப்பில் ஓடும் சிறு தமனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. கனடாவின் புகழ்பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர் சார்லஸ் டிரேக், தமனி வெடித்து வரும் சப்டியூரல் ரத்தக்கசிவைப் பற்றி 1961லேயே எழுதினார். நான்காவது, மூளையின் அடியில் தமனியில் உப்பும் குமிழ். அது வெடித்தால் ரத்தம் மெல்லிய உறைக்கு அடியில் போவதுதான் வழக்கம். அபூர்வமாக அந்த உறையையும் கிழித்துக்கொண்டு சப்டியூரல் இடத்துக்கு வந்துவிடுகிறது.

இன்னும் மெதுவான ஒரு கசிவும் உண்டு. மெல்லிய உறைக்கு அடியில், மூளை மிதக்கும் நீருக்குள், ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாக. ரத்தத்தின் இரும்பு மூளையின் மேற்பரப்பில் படிகிறது. எம்ஆர்ஐயில் மூளையைச் சுற்றிக் கறுப்பு ஓரம். முதலில் காது மந்தமாகும், அப்புறம் நடை தள்ளாடும். பெரும்பாலும் உறையில் ஏற்பட்ட கிழிசல் காரணம். சிலருக்குத் தமனிக் குமிழோ, ரத்தக்குழாய்களின் பிறவிக் கோளாறோ ஒளிந்திருக்கும். அதனால்தான் இந்த அறையில் இருப்பவர்களுக்குச் ‘சும்மா கசிகிறது’ என்ற பதில் போதவே போதாது.

எண்கள் என்ன சொல்கின்றன?

2024 நவம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் எம்எம்ஏவை அடைப்பது பற்றி மூன்று ஆய்வுகளை வெளியிட்டது. அமெரிக்காவில் 400 பேரைச் சேர்த்த எம்போலைஸ் ஆய்வில், அறுவையோடு தமனியையும் அடைத்தவர்களில் 4.1 சதவிகிதம் பேருக்குத்தான் 90 நாட்களுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது. அறுவை மட்டும் செய்தவர்களில் 11.3 சதவிகிதம். ஸ்டெம் ஆய்விலும் நல்ல பலன். சீனாவில் 722 பேரிடம் நடந்த மேஜிக்-எம்டி ஆய்வில், அறிகுறியோடு தேக்கம் திரும்பியது அல்லது வளர்ந்தது அடைத்தவர்களில் 6.7 சதவிகிதம் பேருக்கு, மற்றவர்களில் 9.9 சதவிகிதம் பேருக்கு. அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. எம்போலைஸில் இருவருக்கு இந்தச் சிகிச்சையால் கடுமையான பக்கவாதமும் வந்தது. ஆகவே, எல்லோருக்கும் இது வேண்டும் என்பதில்லை. யாருக்கு வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தமனியை அடைத்தால் தேங்கிய ரத்தம் அன்றைக்கே மறையாது. ஊற்று நின்ற பிறகு, வாரங்களில், மாதங்களில் உடலே அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். கை கால் இழுத்துக்கொண்டு, நினைவு தப்பி வருகிறவருக்கு அழுத்தத்தை உடனே குறைக்க மண்டையில் போடும் துளைதான் முதல் வழி.

ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே டாக்டரிடம் கேட்டேன்: “வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும் சார்?”

“தாத்தாவோ பாட்டியோ சில வாரத்துக்குள்ள ஆளே மாறிட்டாங்கன்னா, வயசுன்னு விட்டுடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்கன்னா இன்னும் உஷாரா இருங்க. எப்பவாவது தலையில இடிச்சாங்களான்னு கேளுங்க. ஞாபகம் இல்லைன்னாலும் ஒரு சிடி எடுத்துப் பாத்துடுங்க.”

மறதி நோய் என்று முடிவுகட்டி ஒதுக்கிவைத்த ஒருவர், சரியான நேரத்தில் எடுத்த ஒரு ஸ்கேனால் மறுபடி தன் கையால் வேட்டி கட்டிக்கொள்ள முடியும். குணப்படுத்தக் கூடிய தடுமாற்றங்களில் இதுவும் ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவரின் நடையும் பேச்சும் கடந்த மாதம் போலவே இருக்கின்றனவா என்று இன்றே கவனியுங்கள். சந்தேகம் வந்தால் நாளை என்று தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்!